அணுத் தடிமன் தாளில் ஒளியின் நிறமாற்றத்தை மின்னழுத்தம் கட்டுப்படுத்துவது எப்படி?

கேள்வி: கிராஃபீன் (ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாள்) போன்ற தாள்களில் நேரிலா ஒளி விளைவை (பொருளுக்குள் ஒளியின் நிறமே மாறுவது போன்றது) மின்சாரத்தால் கூட்டிக் குறைக்கலாம் என்கிறார்களே, எப்படி?

பச்சை லேசர் பாயின்டரிலிருந்து தொடங்கலாம். அதற்குள் உருவாவது கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் ஒளி. ஒரு படிகம் அதன் இரண்டு ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) ஒன்றாக்கி 532 நானோமீட்டர் பச்சையாகத் தருகிறது. அதிர்வெண் இரண்டு மடங்காவதால் இந்த நேரிலா விளைவுக்கு இரட்டிப்பு என்று பெயர். இந்த மாற்றம் எவ்வளவு வலுவானது என்பது படிகத்தோடு பிறந்த குணம். பேட்டரியை மாட்டி அதைப் பெரிதாக மாற்றிவிட முடியாது.

சில அணுக்களே தடித்த தாளில் கதை வேறு. தாளுக்கு அருகே மின்காப்பால் பிரித்து வைத்த கேட் மின்முனையில் சில வோல்ட் கொடுத்தாலே தாள் முழுவதிலும் எலெக்ட்ரான் அடர்த்தி மாறிவிடும். தடித்த உலோகத்தில் மேற்பரப்போடு நின்றுவிடுகிற மாற்றம் இது.

டங்ஸ்டன் டைசெலினைடு என்ற குறைகடத்தித் தாளில் ஓர் எலெக்ட்ரானும் ஒரு துளையும் (எலெக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடம்) ஜோடி சேர்ந்து எக்சிட்டான் ஆகின்றன. இரண்டு ஃபோட்டான்களின் கூட்டு ஆற்றல் எக்சிட்டானின் ஆற்றலோடு பொருந்தினால் இரட்டிப்பு ஒளி பலமடங்கு ஓங்கும். கேட் வழியாக எலெக்ட்ரான்களை ஏற்றினால் எக்சிட்டான்கள் கூடுதலாக ஓர் எலெக்ட்ரானைச் சேர்த்துக்கொண்டு, மின்னூட்டம் பெற்ற டிரையான்களாக மாறும். அந்தப் பழைய ஆற்றல் பொருத்தம் (ஒத்ததிர்வு) மங்கும். 2015-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு இதைச் செய்து காட்டியது. குளிர்நிலையில் இரட்டிப்பு ஒளியின் மாற்றம் பத்து மடங்குக்கும் மேல், அறை வெப்பநிலையில் சுமார் நான்கு மடங்கு.

சரி, கிராஃபீன்? அதன் அணு அமைப்பின் சமச்சீர் (மையத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே மாதிரி இருப்பது) இரட்டிப்பை அனுமதிக்காது, ஆனால் மூன்று ஃபோட்டான்களை ஒன்றாக்கும் மும்மடங்காக்கலுக்குத் தடையில்லை. அங்கே திருகும் குமிழ் ஃபெர்மி மட்டம், அதாவது எலெக்ட்ரான்கள் எந்த ஆற்றல் வரை நிரம்பியிருக்கின்றன என்ற எல்லை; கேட் மின்னழுத்தம் அதை ஏற்றி இறக்கும்.

எனக்குப் பிடித்தது இரட்டையடுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடுதான். இயல்பில் அதன் சமச்சீர் இரட்டிப்பை அடக்கிவைக்கிறது. குறுக்கே மின்புலம் கொடுத்ததும் சமச்சீர் உடைந்து ஒளி எழுகிறது. கிட்டத்தட்ட ஒரு சுவிட்ச்.