முகூர்த்தத் தேதியை பில்டரிடம் சொல்லாதீர்கள்

வாசகர் கேள்வி - பதில்

பில்டரிடம் புது வீடு வாங்குவது பற்றி இந்த முறை நிறைய கடிதங்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஆறாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

தாம்பரம் பக்கம் 2 பெட்ரூம் ஃபிளாட் புக் செய்திருந்தோம். வேலை முடிந்துவிட்டது, அடுத்த வாரம் வந்து சாவி வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். தை மாதம் கிரகப்பிரவேசம், பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது. சாவி வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?
- வாசகி, மாடம்பாக்கம்

பத்திரிகை அடித்த விஷயம் பில்டர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா. ஏற்கெனவே போயிருந்தால், பால் காய்ச்சுவது வேறு, வீட்டை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவது வேறு என்று இப்போதே சொல்லி வையுங்கள். ஒருநாள் சாவி வாங்கி ஹோமம் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம், அதில் தப்பே இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முப்பது வருடம் சைட்டில் நின்ற நானே என் சொந்த வீட்டில் இந்த இடத்தில்தான் ஏமாந்தேன். விடிந்தால் கணபதி ஹோமம், முதல்நாள் இரவு 8 மணிக்கு சாவியும் கூடவே ஒரு தாளும் வந்தது, 'வேலைகள் அனைத்தும் திருப்தியாக முடிந்த நிலையில் வீட்டைப் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்தது, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து இறங்கிவிட்டார்கள், போட்டுவிட்டேன். மூன்றாம் மாதம் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். என் பாத்ரூம் தண்ணீர் அவர் வீட்டு சீலிங்கில் சொட்டுகிறது. பில்டர் ஆபீசில் நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினார்கள். பாத்ரூம் தரை முழுக்கப் பெயர்த்து மறுபடி வாட்டர்ப்ரூஃபிங் செய்தது என் கைக்காசில்தான். அந்த வீட்டுப் பாட்டி தினமும் பாத்ரூம் போகும்போது தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனார் என்று பிறகு தெரிந்தபோது மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

அதனால் நீங்கள் பாத்ரூமில் இருந்து ஆரம்பியுங்கள். தண்ணீர் போகும் ஓட்டையைத் துணி வைத்து நன்றாக அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடச் சொல்லுங்கள். மறுநாள் கீழ்வீட்டுக்குப் போய் அதே பாத்ரூம் சீலிங்கை, முக்கியமாக குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி, தடவிப் பாருங்கள். ஈரம் கையில் தெரியும். டைம் இல்லை என்று சைட் இன்ஜினியர் சொன்னால், அப்படியானால் கையெழுத்துக்கும் டைம் இல்லை என்று சொல்லுங்கள். அப்புறம் அடைப்பை எடுத்துவிட்டுத் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று கவனியுங்கள். மூலையில் தேங்கி நின்றால் வாட்டம் சரியில்லை. பால்கனியில் வாட்டம் பார்க்க ஒரு கோலிக்குண்டு போதும், உருட்டிவிட்டால் அது தண்ணீர் போகும் துவாரத்தை நோக்கி ஓட வேண்டும், ஹால் பக்கம் வந்தால் மழைத் தண்ணியும் ஹாலுக்குத்தான் வரும்.

டைல்ஸை ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டுங்கள். கெட்டியாகக் கேட்டால் சரி, பானையைத் தட்டுவதுபோல் 'டொக்டொக்' என்று வந்தால் அடியில் கலவை நிரம்பவில்லை, கட்டிலோ பீரோவோ ஏறும்போது விரிசல் விடும். அந்த டைல்ஸ் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா பிளக் பாயின்ட்டிலும் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள், மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்த மெயின் பாக்ஸில் இருக்கும் இஎல்சிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் கரண்ட் உடனே நிற்க வேண்டும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை விட்டுவிடாதீர்கள். கதவுகளின் அடிப்பக்கத்தைக் கையை விட்டுத் தடவுங்கள், பெயின்ட் அடிக்காமல் விட்டிருந்தால் பாத்ரூம் கதவு முதல் மழைக்காலத்திலேயே ஊறிவிடும்.

விரிசல் என்றதும் பதற வேண்டாம். செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் சேரும் கோட்டில் நேராக ஒரு மெல்லிய கீறல் வருவது சகஜம், வலை வைத்துப் பூசினால் சரியாகும். ஆனால் பீமிலோ தூணிலோ சாய்வாக, விரல் நகம் உள்ளே போகிற அளவுக்கு இருந்தால் பில்டரின் ஆளை நம்பாமல் வெளியில் இருந்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்து வாருங்கள்.

இதையெல்லாம் இரண்டு பிரதி எழுதி, தேதி போட்டு, சைட் இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்கி, வேலை முடிந்த பிறகுதான் கடைசித் தவணை. வாயால் சொன்னது எதுவும் நிற்காது. கூடவே பணி நிறைவுச் சான்று வந்துவிட்டதா என்று கேளுங்கள். சின்னக் கட்டடங்களுக்கு விலக்கு உண்டு, உங்களுடையதைப்போல நூறு வீடு இருக்கும் இடத்துக்குக் கிடையாது. அது வராமல் நிரந்தர மின் இணைப்பு தர மாட்டார்கள். கட்டுமான வேலைக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே குடியேற்றிவிட்டு, யூனிட்டுக்கு அதிக ரேட் கட்ட வைத்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வயலூர் ரோடு பக்கம் 4,800 சதுர அடி மனையில் 6 வீடு கட்டுகிறார் ஒரு பில்டர். ரெரா நம்பர் கேட்டால் 'எங்களுக்குத் தேவையில்லை சார்' என்கிறார். ஏமாற்றுகிறாரா?
- வாசகர், திருச்சி

இல்லை, அவர் சொல்வது சட்டப்படி சரிதான். மனை 500 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 5,380 சதுர அடிக்குள் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் போகாவிட்டாலோ ரெரா என்கிற 2016-ம் வருட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டியதில்லை. நமக்கு இதில் கவலை என்னவென்றால், பதிவான புராஜெக்ட்டில் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் காவல் உங்களுக்கு இல்லை. அங்கே வாங்குகிறவர்கள் கட்டும் பணத்தில் 70% தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், அந்த மனைக்கும் கட்டுமானத்துக்கும் மட்டும்தான் எடுக்க முடியும். பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10%-க்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. உங்கள் பில்டர் உங்கள் பணத்தை இன்னொரு சைட்டின் கம்பிக்கும் சிமென்ட்டுக்கும் திருப்பினாலும் உங்களுக்குத் தெரியாது.

அதற்காக வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன், சின்ன பில்டர்களில் நாணயமானவர்கள் நிறைய பேர். ஆனால் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். அனுமதி பெற்ற பிளானை வாங்கி கையில் வைத்துக்கொண்டு சைட்டில் வீடுகளை எண்ணுங்கள். நாலு வீட்டுக்கு அனுமதி வாங்கி ஆறு கட்டுவதும், கார் நிறுத்தக் காட்டிய தரைத்தளத்தை வீடாக்கி விற்பதும் இந்த அளவு கட்டடங்களில்தான் அதிகம். மனை வேறொருவருடையது, பில்டர் கூட்டு ஒப்பந்தத்தில் கட்டுகிறார் என்றால் உங்கள் வீடு பில்டர் பங்கில் வருகிறதா, மனைக்காரர் தன் சார்பில் விற்கக் கொடுத்த பவர் பத்திரம் இன்னும் செல்லுமா, மனைக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள், அவர் போய்விட்டால் அந்தப் பவரை வைத்து எழுதிய பத்திரம் வம்பில் கொண்டுபோய் விடும். 30 வருட வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா மூன்றையும் பில்டர் காட்டும் வக்கீலிடம் அல்ல, உங்கள் வக்கீலிடம் கொடுங்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்த்துவிடலாம்.

மண் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை நாளில் அப்படியே சரிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பிழைப்புக்கு வந்த கட்டடத் தொழிலாளர்கள். அதற்குப் பிறகும் அறிக்கையைக் காட்டத் தயங்குகிற பில்டரிடம் நான் வாங்க மாட்டேன்.

1,150 சதுர அடி என்று சொல்லி விற்ற வீட்டை டேப் வைத்து அளந்தேன், உள்ளே 805-தான் வருகிறது. மீதி எங்கே போனது?
- வாசகர், சரவணம்பட்டி

படிக்கட்டிலும் லிஃப்ட்டிலும் வராண்டாவிலும் வெளிச்சுவரிலும் போனது. அதையெல்லாம் பங்கு போட்டுச் சேர்த்து சொல்வதுதான் விற்பனைப் பரப்பு. நீங்கள் அளந்தது கார்ப்பெட் ஏரியா: வெளிச்சுவர், பால்கனி நீங்கலாக, உள்தடுப்புச் சுவர்களைச் சேர்த்து வருவது. ரெராவில் பதிவான புராஜெக்ட் என்றால் ஒப்பந்தத்தில் அந்த அளவு எழுதியிருக்க வேண்டும், அதில் 805 என்று இருந்தால் நீங்கள் ஏமாறவில்லை, விளம்பரத்தில் வேறு அளவைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டு வீட்டை ஒப்பிடும்போது மொத்த விலையைக் கார்ப்பெட் ஏரியாவால் வகுத்துப் பாருங்கள், எது மலிவு என்பது பல சமயம் தலைகீழாக மாறும்.

இதைவிட முக்கியமாக நான் பார்ப்பது யுடிஎஸ், அதாவது மனையில் உங்களுக்கு எழுதித் தரும் பிரிபடாத பாகம். கட்டடம் வருஷத்துக்கு வருஷம் பழசாகும், விலை ஏறுவது மண்ணுக்குத்தான். நம் ஊர் விதிப்படி சாதாரண உயரக் கட்டடத்தில் மனையைப் போல இரண்டு மடங்கு கட்டலாம், அதனால் 1,000 சதுர அடி வீட்டுக்கு 500 சதுர அடியை ஒட்டி யுடிஎஸ் வர வேண்டும். உயர்மாடிகளில் 3.25 மடங்கு வரை போகலாம் என்பதால் 300 அடி அளவுக்கு இறங்கும். சாதாரண நாலு மாடியில் உங்களுக்கு 300 என்று எழுதியிருந்தால் மிச்சத்தை யார் பெயரில் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். எல்லா வீடுகளின் யுடிஎஸ்ஸையும் கூட்டினால் மனையின் அளவு வர வேண்டும். வராவிட்டால் நாளைக்கு மொட்டை மாடியில் இன்னொரு தளம் எழும்ப வழி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

62 லட்சத்துக்கு ஃபிளாட். விலைக்கு மேல் எவ்வளவு தயார் செய்ய வேண்டும்?
- வாசகி, மேடவாக்கம்

பணி நிறைவுச் சான்று வருவதற்கு முன்னால் ஒரு தவணை கொடுத்தாலும் ஜிஎஸ்டி 5% உண்டு, 3,10,000 ரூபாய். சான்று வந்த பிறகு முழுப் பணமும் கொடுத்தால் ஜிஎஸ்டி கிடையாது. (45 லட்சத்துக்குள், சென்னையில் கார்ப்பெட் 60 சதுர மீட்டருக்குள் இருந்தால் 1%தான், உங்களுக்குப் பொருந்தாது.) பதிவுச் செலவு, பில்டரிடம் இருந்து முதல்முறை வாங்கும் ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பரில் இருந்து மாறியது: 50 லட்சம் வரை 6%, 3 கோடி வரை 7%, அதற்கு மேல் 9%. உங்களுக்கு 4,34,000 வரும். 50 லட்சத்தைத் தொட்டுவிட்டதால் 1% டிடிஎஸ் பிடித்து நீங்கள்தான் வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும், இது கூடுதல் செலவு இல்லை, பில்டருக்குக் கொடுப்பதில் இருந்து கழித்துக்கொள்வது. கார்ப்பஸ் ஃபண்ட் (கட்டடத்தின் பெரிய செலவுகளுக்கான பொது நிதி), முன்கூட்டி வாங்கும் பராமரிப்புப் பணம், மின் இணைப்பு என்று கடைசியில் ஒரு தாள் நீட்டுவார்கள், அதை புக்கிங் அன்றே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மழைக்குத் தண்ணீர் நிற்காது என்று சேல்ஸ் ஆள் சத்தியம் செய்கிறார். நம்பலாமா?
- வாசகர், முடிச்சூர்

2015 டிசம்பரில் உங்கள் பக்கம் படகு விட்டதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சைட்டைச் சுற்றி இருக்கும் பழைய வீடுகளின் சுவரைப் பாருங்கள், வெள்ளம் நின்ற கோடு சுண்ணாம்பு அடித்தாலும் மறையாது. டீக்கடையில் உட்கார்ந்து 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் எதுவரை வந்தது என்று கேளுங்கள். அப்புறம் அந்த சர்வே எண்ணை கிராம வரைபடத்தில் வைத்து, பக்கத்தில் ஓடையோ ஏரியோ வாய்க்காலோ இருந்ததா என்று பாருங்கள். வீடு இரண்டாவது மாடி என்பதால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம், லிஃப்ட் குழியும் சம்ப் என்கிற தண்ணீர்த் தொட்டியும் ஜெனரேட்டரும் தரையில்தான் இருக்கின்றன, குடிதண்ணீர் இல்லாமல் மாடியில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் எத்தனையோ.

சொன்ன தேதி தாண்டி 14 மாதம் ஆகிறது. வாடகையும் கட்டி, பேங்க் தவணையும் கட்டுகிறேன். இப்போது புதுத் தேதி போட்டு ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். இதே பில்டரின் முந்தைய புராஜெக்ட்டில் வாங்கிய என் அக்கா வீட்டில் இரண்டே வருடத்தில் மொட்டை மாடி ஒழுகுகிறது, 'வாரன்டி ஒரு வருடம்தான்' என்கிறார்களாம்.
- வாசகர், பெரும்பாக்கம்

கையெழுத்துப் போடாதீர்கள் தம்பி. அந்தக் கடிதத்தில் 'தாமதத்துக்கு எந்த இழப்பீடும் கோர மாட்டேன்' என்று ஒரு வரி எங்கேயாவது இருக்கும். ரெரா சட்டப்படி உங்களுக்கு இரண்டு வழி. வீடே வேண்டாம் என்றால் கட்டிய பணம் முழுக்க வட்டியோடு திரும்ப வாங்கலாம், வேண்டும் என்றால் சாவி கிடைக்கும்வரை தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். தமிழ்நாட்டு விதியில் அந்த வட்டி, ஸ்டேட் பேங்கின் அதிகபட்ச எம்சிஎல்ஆர் (கடன்களுக்கு வங்கி வைத்திருக்கும் அடிப்படை வட்டி) விகிதத்தோடு 2% சேர்த்து. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தேதிதான் கணக்கு, பில்டர் ஆபீசில் சொன்ன தேதி இல்லை. கட்டிய ரசீதுகளை வரிசையாக வைத்துக்கொண்டு, முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள், பதில் வராவிட்டால் தமிழ்நாடு ரெராவில் புகார்.

அக்காவிடம் சொல்லுங்கள், அந்த ஒரு வருடம் பில்டராகப் போட்டுக்கொண்டது. கட்டமைப்புக் குறையோ வேலைத் தரத்தில் குறையோ இருந்தால் சாவி கொடுத்த நாளில் இருந்து 5 வருடம் வரை பில்டர் பொறுப்பு, சொன்ன 30 நாளுக்குள் பணம் வாங்காமல் சரிசெய்ய வேண்டும். மேல்தளத்தில் தட்டோட்டை யாராவது பெயர்ப்பதற்கு முன்னால், மழை பெய்யும்போதே சீலிங்கை தேதி தெரிகிற மாதிரி போட்டோ, வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்பதால் புகார் சங்கத்தின் பெயரிலும் போகட்டும். இரண்டு வருடம்தானே ஆகிறது, இன்னும் மூன்று மழைக்காலம் அவர்கள் கணக்கில் இருக்கிறது, இந்த வாரமே அனுப்பச் சொல்லுங்கள்.