கவிஞர் பதில்கள்: கைதட்ட ஆள் இருக்கிறது, படிக்க?

கேள்வி: வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். ஆனால் எழுத்து எனக்குத் தடுமாறும். மனதில் வரும் தமிழ் வரிகளைப் போனில் பர்மிய எழுத்தில் தட்டி வைத்துக்கொள்கிறேன். இதெல்லாம் தமிழ்க் கவிதையில் சேருமா ஐயா?
(கல்லூரி மாணவி, மோல்மீன்)

பதில்: சேரும் தங்கச்சி, அதில் சந்தேகமே வேண்டாம். தாலாட்டும் ஒப்பாரியும் கட்டிய நம் பாட்டிகளில் எத்தனை பேர் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள்? எழுத்து தெரியாததால் அவர்கள் பாட்டு குறைந்து போய்விடவில்லை. தோன்றுகிற நேரத்தில் கைக்கு வருகிற எழுத்தில் தட்டி வையுங்கள், விட்டால் வரி ஓடிவிடும்.

ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். பர்மிய எழுத்தில் மழையும் மலையும் ஒன்றாகத்தான் விழும், ஒரு மாதம் கழித்து நீங்களே படித்தால் எது பெய்தது எது நின்றது என்று தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல், உங்களைத் தவிர வேறு யாரும் அதைப் படிக்க முடியாது என்பது. 1960-களில் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு இந்தப் பர்மாவில் தமிழ் எழுத்து பிழைத்துக் கிடப்பது கோயில் மண்டபங்களில்தான். கோடை விடுமுறையில் உங்கள் ஊரிலும் வகுப்பு நடத்துவார்கள். சின்னப் பிள்ளைகளோடு பாயில் உட்கார வெட்கப்பட வேண்டாம். உங்கள் கவிதை ஒன்றையே பாடமாக வைத்து, அதைத் தமிழ் எழுத்தில் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகுங்கள். ‘அம்மா, ஆடு’ என்று தொடங்குவதைவிடச் சீக்கிரம் கை வரும், ஏனென்றால் சொந்த வரியில் பிழை வந்தால் நமக்குக் கோபம் வரும்.

கேள்வி: ரங்கூனில் ஒரு காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகள் கொடி கட்டிப் பறந்ததாகத் தாத்தா சொல்வார். நிஜமா, பெருமைக்குச் சொல்கிறாரா?
(வாசகர், பெகு)

பதில்: நிஜம்தான் தம்பி. எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மா 1932-இல், இப்போது யாங்கோன் என்கிற ரங்கூனுக்கு வந்தார், 1937-இல் இங்கிருந்தே ‘ஜோதி’ என்ற மாத இதழை நடத்தத் தொடங்கினார். உலகம் சுற்றிய தமிழர் என்று பேர் வாங்கிய ஏ.கே. செட்டியார், அதற்கு முன்னால் இங்கே ‘தனவணிகன்’ பத்திரிகைக்கு ஆசிரியர். 1941 டிசம்பர் 23-இல் ரங்கூன் மேல் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்த வருஷம் லட்சக்கணக்கானவர்கள் காட்டு வழியாக நடந்தே இந்தியாவுக்குப் போனார்களே, அந்தக் கூட்டத்தில் சர்மாவும் அவர் மனைவியும் உண்டு. அந்த நடையைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் ராத்திரி தூக்கம் வராது. போர் முடிந்த பிறகு மறுபடி கொஞ்சம் துளிர்த்தது. 1960-களில் ராணுவ அரசு தனியார் பத்திரிகைகளை மூடியது, கடை கண்ணியை நாட்டுடைமை ஆக்கியது, நம் ஆட்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். படித்தவர்கள் முதலில் போனார்கள், புத்தகங்கள் பழைய பேப்பர்காரனிடம் போயின.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு குறையும் சொல்ல வேண்டும். நம் மேடைகளில் சர்மா பெயரை எடுத்தால் கைதட்டல் கூரையைப் பிய்க்கும். கீழே இறங்கி வந்து, அவர் எழுதியதில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிளேட்டோவையும் ரூசோவையும் தமிழில் கொண்டுவந்த மனுஷன் அவர். நம் தெருவில் உட்கார்ந்து எழுதியவரை நாம் ஊர்வலப் படமாக வைத்துவிட்டோம். அவர் நூல்களைத் தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது, காசில்லாமலே இணையத்தில் எடுக்கலாம். தாத்தாவுக்குக் கண் மங்கியிருந்தால் தினம் ரெண்டு பக்கம் வாசித்துக் காட்டுங்களேன்.

கேள்வி: யாப்பு தெரியாமல் கவிதை எழுதலாமா? என் தமிழாசிரியர் கூடாது என்கிறார், பர்மியக் கவிதை எழுதும் நண்பன் அதெல்லாம் பழங்கதை என்கிறான்.
(வாசகர், தன்லின்)

பதில்: ரெண்டு பேரும் பாதி சரி. ஆனால் உங்கள் நண்பனிடம் ஒன்று கேளுங்கள், அவன் பாட்டனார்கள் எதுகையை எங்கே வைத்தார்கள் என்று. பர்மிய மரபுக் கவிதையில் ஒரு வரிக்கு நாலு அசை, அதாவது நாலு ஒலித்துண்டு. முதல் வரியின் நாலாவது அசை, ரெண்டாம் வரியின் மூன்றாவது அசை, மூன்றாம் வரியின் ரெண்டாவது அசை, இந்த மூன்றும் ஒத்து ஒலிக்க வேண்டும். வரி வரியாகக் கீழே வரவர ஓசை ஒவ்வொரு படியாக உள்ளே நகரும். மூன்றாம் வரிக் கடைசியில் புது ஓசை ஒன்றைத் தொடங்கி மறுபடி இறங்கலாம். டீக்கடையில் யாராவது பழைய பாட்டைச் சொல்லும்போது விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேளுங்கள், பிடிபடும்.

நம்மிடம் எதுகை அடியின் தலையில் நிற்கும், முதல் எழுத்து அளவில் ஒத்து ரெண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும். ஒரே அடிக்குள் முதல் சீரும் மூன்றாம் சீரும் ஒன்றினால் பொழிப்பு, முதலும் நாலாவதும் என்றால் ஒரூஉ என்று இடக்கணக்கும் உண்டு. ஆனால் அடி தாண்டி அடி இப்படிப் படியிறங்குகிற வித்தையை நம் யாப்பு வழக்கத்தில் நான் பார்த்ததில்லை. சரி, முயன்றுதான் பார்ப்போமே என்று அசைக்குப் பதில் சொல்லை வைத்துச் சும்மா கட்டியது இது:

ஐராவதியில் இன்று நீர் ஏறும்
படகுக்காரன் பாட்டு மாறும் நேரம்
கரை நாறும் கருவாட்டுக் கூடை

ஏறும், மாறும், நாறும் என்று பர்மியப் படியில் இறங்குகிறது, அதே சமயம் நம் கணக்குப்படி ரெண்டாம் எழுத்தும் ஒன்றுகிறது. பெரிய கவிதை என்று சொல்லவில்லை, கருவாட்டு வாசம் கொஞ்சம் தூக்கல். ஆனால் இந்தக் கணக்கு இல்லாவிட்டால் மூன்றாம் வரியில் அந்தக் கூடை வந்தே இருக்காது, நானும் ஆற்றில் நிலா மிதக்கிறது என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். யாப்பினால் எனக்குக் கிடைக்கிற லாபம் அதுதான், என் பழக்கத்துக்கு வராத சொல்லை அது இழுத்துக்கொண்டு வருகிறது. ஆக, படியுங்கள், பழகுங்கள், அப்புறம் வேண்டாமென்றால் விடுங்கள். தெரியாமலே விடுகிறவர்களோடுதான் உங்கள் ஆசிரியருக்குச் சண்டை, எனக்கும்.

கேள்வி: நம் இலக்கியக் கூட்டங்களுக்கு இளைஞர்கள் வருவதே இல்லையே, ஏன்?
(சங்க உறுப்பினர், யாங்கோன்)

பதில்: நானே இளைஞனாக இருந்தால் வரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, முன்னிலை, தலைமை, வாழ்த்துரை நாலு, வாழ்த்தியவர்களுக்குப் பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவர்களுக்கும் ஒரு பொன்னாடை. கவியரங்கம் என்று ஒன்று அழைப்பிதழில் இருக்கும், அது தொடங்கும்போது பின்பக்கம் இலை போட்டுவிடுவார்கள். சாம்பார் வாசம் வந்த பிறகு எந்தக் கவிதை நிற்கும்? ஒரு பையன் மடித்த தாளைப் பிடித்துக்கொண்டு மேடையோரம் நிற்பான், ‘தம்பி ஒரு நிமிஷத்தில் முடி’ என்று மைக்கிலேயே சொல்வார்கள். அந்தப் பையன் அடுத்த வருஷம் வருவானா?

பர்மியர்களைப் பாருங்கள். நடோ மாதம் பிறந்தால், நவம்பர் டிசம்பர் வாக்கில், எழுத்தாளர் தினம் கொண்டாடி ஊர் ஊராக இலக்கியப் பேச்சு வைப்பார்கள். நடுத்தெருவில் மேடை, ராத்திரி வெகுநேரம் வரை ஜனம் பாய் விரித்துக் கேட்கும். பேசுகிறவர் கதை சொல்வார், சிரிக்க வைப்பார், குத்தலும் நடக்கும். கேட்க வந்தவனுக்காக நடக்கிற கூட்டம் அது. நம்முடையது மேடையில் இருப்பவர்களுக்காக நடக்கிறது.

என்னைக் கேட்டால் மேடையே வேண்டாம். ஞாயிறு சாயங்காலம் ஒரு டீக்கடை, ஆறேழு பேர், ஒரே ஒரு கவிதை, அதையும் எழுதியவர் தவிர வேறு ஒருவர் வாசிக்க வேண்டும். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. தன் வரியை அடுத்தவன் எங்கே தடுக்கித் தடுக்கி வாசிக்கிறான் என்று பார்த்தாலே பாதித் திருத்தம் வீட்டுக்குப் போகும்முன் தெரிந்துவிடும்.

அப்புறம் புத்தகங்கள் கை மாற வேண்டும். என்னிடம் அட்டை போன ஒரு பழைய கவிதைத் தொகுப்பு இருக்கிறது, பான்சோடான் தெரு நடைபாதையில் வாங்கியது. ஓரத்தில் பென்சிலில் மூன்று கையெழுத்து. ஒருவர் ‘இது தவறு’ என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் ‘உமக்குத் தெரியுமோ?’ என்று இருக்கிறது. மூன்றாவது ஆள் ரெண்டையும் அடித்துவிட்டுக் கவிதைக்குக் கீழே ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறார். அவர்கள் யார், இங்கேயே இருந்தார்களா கப்பல் ஏறினார்களா, ஒன்றும் தெரியாது. ஆனால் எந்தச் சங்கத்தின் ஆண்டு மலரைப் பார்த்தும் எனக்கு இந்த அளவு பொறாமை வந்ததில்லை.

கேள்வி: நான் எழுதுவதை என் கணவர் படிக்கவே மாட்டேன் என்கிறார். எப்படிப் படிக்க வைப்பது?
(இல்லத்தரசி, பியாப்பொன்)

பதில்: விட்டுவிடுங்கள் அம்மா. படித்தால் ‘இந்த வரி என்னைத்தானே சொல்கிறாய்’ என்று கேட்பார், அது இன்னும் தொல்லை. கவிதை படிக்கிற ஒரு சிநேகிதியைத் தேடிக்கொள்ளுங்கள், ஊரில் இல்லையென்றால் போனில்.

கேள்வி: ஸ்பானிஷ் கவிஞர் பாப்லோ நெருடா ரங்கூனில் இருந்தார் என்று படித்தேன். இங்கே அவர் என்ன செய்தார்?
(வாசகர், யாங்கோன்)

பதில்: ஸ்பானிஷ் மொழிக் கவிஞர், நாடு சிலி. 1927-இல் சிலி நாட்டுத் தூதரக அதிகாரியாக வந்தார், வயது 23. வேலை குறைவு, சம்பளம் அதைவிடக் குறைவு. தன் பாஷையில் ஒரு வரி படித்துக் காட்ட ஆளில்லாமல் திண்டாடினார். கிழக்கில் இருந்த அந்த வருஷங்களில் அர்ஜென்டினாவில் இருந்த ஓர் எழுத்தாளருக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார், கப்பலில் போய்ப் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். இருண்டு போன அவர் கவிதைகளில் சில அந்தக் காலத்தவை.

அவருக்கு முன்னால் வந்த கைதி ஒருவரையும் சொல்ல வேண்டும். கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர், உருதுக் கவிஞர், 1862 நவம்பரில் இங்கேதான் இறந்தார். காவலில் அவருக்கு மையும் தாளும் தரக்கூடாது என்று உத்தரவு. நமக்கு மை இருக்கிறது, தாள் இருக்கிறது, தமிழ் தெரிந்த ஆளும் அடுத்த தெருவில் இருக்கிறார். அவர் வீட்டுக் கதவைத் தட்டுவதில்தான் சோம்பல்.

கேள்வி: இப்போது வரும் கவிதைகள் ஒன்றும் புரிவதில்லை. எனக்கு அறிவு குறைவா?
(ஓய்வுபெற்ற வாசகர், பெகு)

பதில்: உங்களுக்குக் குறைவில்லை ஐயா. இந்த நாட்டில் 2012 ஆகஸ்ட் வரை எதை அச்சிட்டாலும் முன்கூட்டியே தணிக்கைக்குக் காட்ட வேண்டும். பர்மியக் கவிஞர்கள் அரிசி விலையைச் சொல்ல மழையைச் சொன்னார்கள், மழையைச் சொல்ல இன்னொன்றைச் சொன்னார்கள். படிக்கிறவனுக்கு உள்ளர்த்தம் தெரியும், அதிகாரிக்குத் தெரியாது, அல்லது தெரியாததுபோல் இருப்பார். அந்த மூட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. நம் பிள்ளைகள் சிலர் காதலியின் காதணியைப் பற்றி எழுதும்போதும் அதே மூட்டத்தைப் போடுகிறார்கள். ரெண்டு தரம் படியுங்கள். அப்போதும் ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் எழுதியவருக்கே ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள், அவர் ரொம்ப சந்தோஷப்படுவார், ஒருவர் படித்திருக்கிறாரே என்று.

கேள்வி: அம்மாவின் தையல் மெஷினைப் பற்றி நான் எழுதிய கவிதை ரெண்டு இடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. இணைத்திருக்கிறேன். என்ன குறை என்று தயவுசெய்து சொல்லுங்கள் அண்ணா.
(வாசகர், தன்லின்)

பதில்: படித்தேன். கரண்ட் போன ராத்திரியில் அம்மா சக்கரத்தைக் கையால் சுற்றி ஊர்க்காரர் லுங்கிக்கு மூட்டுகிற இடம் அருமை, நூல் தீர்ந்ததும் சட்டையோரத்திலிருந்து நூல் உருவுகிறாரே, அது எனக்குத் தோன்றியிருக்காது. அங்கே கவிதை முடிந்துவிட்டது தம்பி. அதற்கப்புறம் வரும் நாலு வரியில் ‘தாயே நீ தெய்வம், தியாகத்தின் சுடர்’ என்று வாழ்த்துரை படித்துவிட்டீர்கள். அந்த நாலையும் வெட்டிவிட்டு இந்தப் பத்திரிகைக்கே அனுப்புங்கள். இரண்டாம் வரியில் ‘கருப்பு’க்கு வல்லின ‘று’ போடுங்கள், அம்மா ஊர் எது என்பதையும் ஒரு சொல்லில் உள்ளே கொண்டுவர முடியுமா பாருங்கள்.