ரீச்சர் பதில்கள்: கூரை வெட்டிய பஸ்

கேள்வி: 2022இல் தெற்காசியப் பெண்கள் உதைபந்தாட்டக் கிண்ணத்தைப் பங்களாதேஷ் வென்றதை நீங்கள் அடிக்கடி சொல்கிறீர்கள். அந்தத் தொடரில் அப்படி என்ன விசேஷம்?
- வாசகர், அரியாலை

2010இல் தொடங்கிய போட்டி இது. முதல் ஐந்து தொடர்களிலும் இந்தியாதான் சம்பியன். அதுவரை ஒரு ஆட்டத்தில்கூட அவர்கள் தோற்றதில்லை. 2022 செப்டெம்பரில் காத்மண்டுவில், குழுநிலை ஆட்டத்தில், பங்களாதேஷ் அவர்களை 3-0 என்று அடித்தது. அரையிறுதியில் நேபாளம் 1-0 என வென்று இந்தியாவை வெளியேற்றியது. 19ஆம் திகதி இறுதியாட்டம். தசரத் அரங்கு நிறைய நேபாளச் சனம். அவர்களுக்கு முன்னால் 3-1 என்று பங்களாதேஷ் கிண்ணத்தைத் தூக்கியது. அந்தத் தொடர் முழுவதும் அவர்கள் போட்டது 23 கோல். வாங்கியது ஒன்றே ஒன்று, அதுவும் இறுதியாட்டத்தில். தலைவி சபினா காத்தூன் மட்டும் 8 கோல்.

எண்களை விடுங்கள். இந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். பங்களாதேஷில் 2011இல் ஆரம்பப் பாடசாலைச் சிறுமிகளுக்கென்று நாடு முழுவதற்கும் ஒரு உதைபந்தாட்டப் போட்டியைத் தொடங்கினார்கள். மைமன்சிங் பக்கத்தில், இந்திய எல்லையோரம், கல்சிந்தூர் என்று ஒரு கிராமம். அந்தக் கிராமத்துப் பாடசாலையில் பந்து பழகிய மரியா மண்டா, சஞ்சிதா அக்தர் போன்றவர்கள்தான் பதினொரு வருடம் கழித்துக் காத்மண்டுவில் நின்றார்கள். பத்து வயதில் காலில் பந்து பட்டவர்கள். நான் உடற்கல்வி ரீச்சராக இருந்த காலம் முழுவதும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்: எட்டாம் வகுப்பில் தொடங்காதீர்கள், நாலாம் வகுப்பில் தொடங்குங்கள்.

அப்புறம் அந்த பஸ். இறுதியாட்டத்துக்கு முன் சஞ்சிதா முகநூலில், திறந்த பஸ்ஸில் ஊர்வலம் இல்லாவிட்டாலும் எங்களை நம்பியவர்களுக்காக வெல்ல வேண்டும் என்ற பொருளில் எழுதியிருந்தார். வென்று வந்தபோது அரசாங்கப் போக்குவரத்து பஸ் ஒன்றின் கூரையை வெட்டி எடுத்துவிட்டு, அதில் ஏற்றி டாக்கா தெருக்களில் கூட்டிப் போனார்கள். படத்தைப் பார்த்து நான் அழுதேன். அந்த ஊர்வலத்தில் ரிது பர்ணா சக்மா என்ற பிள்ளையின் தலை விளம்பரப் பலகையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. இரண்டு வருடம் கழித்து, 2024 ஒக்டோபர் 30, அடுத்த தொடரின் இறுதியாட்டம். அதே அரங்கு, அதே நேபாளம். ஆட்டம் 1-1. 81ஆவது நிமிடம் வெற்றி கோலைப் போட்டது அதே ரிது பர்ணா! தொடரின் சிறந்த வீராங்கனையும் அவர்தான். 2025இல் மியன்மாருக்கு எதிராக அவர் போட்ட இரண்டு கோலும் பங்களாதேஷ் பெண்களை முதன்முறையாக ஆசியக் கிண்ணத்துக்கே கொண்டு போய்விட்டன.

கேள்வி: இதே கிண்ணத்தில் இலங்கை எந்த இடம்?
- மாணவி, குருநகர்

2012இல் கொழும்பில் நடந்தபோதும், 2014, 2019இலும் அரையிறுதி வரை வந்தோம். 2022இல் நேபாளத்திடம் 0-6, பூட்டானிடம் 0-5. பூட்டானிடம் ஐந்து வாங்கியதுதான் எனக்கு வலித்தது. நம் பிள்ளைகளிடம் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தெல்லிப்பழை மகாஜனாவின் பெண்கள் அகில இலங்கைப் பாடசாலைகள் மட்டத்தில் கிண்ணம் வென்றவர்கள். பாடசாலை முடிந்த பிறகு அவர்கள் தொடர்ந்து விளையாட ஒரு அணியும், ஒரு லீக்கும், மாலையில் ஒரு மைதானமும் வேண்டும். அது இல்லாமல் தேசிய அணி எங்கிருந்து வரும்?

கேள்வி: மாதவிடாய் நாட்களில் பயிற்சிக்குப் போகலாமா?
- பெயர் வேண்டாம், மானிப்பாய்

போகலாம், பிள்ளை. உடம்பு ஏலாது என்றால் மட்டும் ஓய்வெடுங்கள். மாதாமாதம் தாங்க முடியாத வலி என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். பயிற்றுவிப்பாளரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அணித் தலைவியிடம் சொல்லிவிடுங்கள். அணியின் பையில் எப்போதும் இரண்டு சனிட்டரி பாட் கிடக்க வேண்டும். எங்கள் பையில் கிடந்தது.

கேள்வி: என் மகளுக்குப் 14 வயது. பாடசாலை அணியில் பின்வரிசையில் விளையாடுகிறாள். வெயிலில் கறுத்துப் போகிறாள், ரியூசன் கெடுகிறது என்று மாமியார் சொல்கிறார். சாதாரண தரம் வரப் போகிறது. நிறுத்தட்டுமா?
- ஒரு தாய், இளவாலை

நிறுத்தாதீர்கள், தங்கச்சி.

என்னிடம் இடது காலால் அடிக்கும் ஒரு பிள்ளை இருந்தாள். பந்து அவளிடம் போனால் நான் கோல் பக்கம் பார்க்கவே மாட்டேன், அவ்வளவு நம்பிக்கை. ஆண்பிள்ளைகள் விளையாடி முடிந்து இருட்டுப்படும் நேரத்தில்தான் எங்களுக்கு மைதானம் தருவார்கள். அந்த அரை மணித்தியாலத்துக்காக மூன்று கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து வருவாள். பத்தாம் வகுப்பில் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். சோதனைக்குப் பிறகு விடுகிறோம் என்றார்கள், விடவில்லை. போன வருடம் சுன்னாகம் சந்தையில் கண்டேன், இடுப்பில் குழந்தை. கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது, "ரீச்சர், இப்ப எந்தக் கிறவுண்டில பிரக்டிஸ்?" எனக்குப் பதில் வரவில்லை.

கறுப்பது பற்றி மாமியாரோடு வாதாட வேண்டாம். ரியூசன் உண்மையான சிக்கல், அதற்கு வழி பாருங்கள். கிழமையில் இரண்டு நாள் பயிற்சி, மற்ற நாள் ரியூசன் என்று பயிற்றுவிப்பாளரிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். சோதனைக்கு முந்தைய இரண்டு மாதம் குறைக்கலாம். சோதனை முடிந்த மறு கிழமையே திரும்ப அனுப்புங்கள். அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். ஒரு நாளாவது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய் மைதானத்து ஓரத்தில் இருந்து பாருங்கள்.

பூட்ஸ் வாங்கும்போது வளர்கிற பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக வாங்கிவிடாதீர்கள். உள்ளே கால் வழுக்கி நகம் கறுத்துப் போகும்.