கான் மூடியும் மேயரின் போஸ்டரும்

"ஒரு காலத்தில் தூக்கிக் கொண்டாடிய மேயரை அதே ஊர்ச் சனம் ஏன் கைவிடுகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஊர் கொழும்பு, அதிலும் கொட்டாஞ்சேனை. அதை வைத்தே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் லேன் முனையில் கானை, அதாவது வடிகாலை, மூடியிருந்த கொங்கிரீட் பலகை ஒரு மழையோடு இரண்டாகப் பிளந்தது. யாரோ அதற்குள் தென்னை மட்டை ஒன்றைக் குத்தி, நுனியில் சிவப்புச் சீலைத் துண்டைக் கட்டிவிட்டார்கள். நானும் எதிர்வீட்டு அக்காவும் முறைப்பாடு கொடுக்கப் போனோம். ஓர் அலுவலகத்தில் "இது எங்கட கான் இல்லை" என்றார்கள். அவர்கள் அனுப்பிய இடத்தில், முதலில் போன அலுவலகத்தையே திருப்பிக் காட்டினார்கள். பிறகு ஓர் அரசியல்வாதி வந்தார். குனிந்து பார்த்தார், போனில் படம் எடுத்தார், அக்கா கொடுத்த பிளேன்டீயைக் குடித்தார். போனவர் போனவர்தான். மட்டை காய்ந்து சீலையும் வெளுத்துப் போனது.

அக்கா இவர்களில் ஒருவரையும் திட்டவில்லை. பக்கத்துச் சுவரில் சிரித்துக்கொண்டிருந்த மேயரின் போஸ்டரைப் பார்த்துத்தான் திட்டினார். மேயருக்கு இந்தக் கான் இருப்பதே தெரிந்திருக்காது!

கொழும்பில் மேயர் கையில் இல்லாதவை நிறைய. காலி வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது, குழாய்த் தண்ணீர் நீர் வழங்கல் சபையுடையது. தோட்டம் என்று நாங்கள் சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளை உடைத்து மாடிவீடு கட்டுவது நகர அபிவிருத்தி அதிகார சபை. ஆனால் தேர்தல் நோட்டீஸில் இதையெல்லாம் யாரும் பிரித்துச் சொல்வதில்லை. வெள்ளம், வீடு, குப்பை எல்லாவற்றையும் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார்கள். வாக்குக் கேட்கும்போது எல்லாம் தன்னுடையது என்றவர், பிறகு "அது வேறு திணைக்களம்" என்றால் சனம் கேட்குமா? மாநகர சபைக்குக் கட்டும் சோலை வரியை (வீட்டு வரியை) ஜனவரி 31க்குள் முழுவருடத்துக்கும் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு. அதற்காக வரிசையில் நிற்பவருக்கு எந்தத் திணைக்களம் என்பது ஒரு பொருட்டே இல்லை.

இன்னொன்று, மேயரை நாங்கள் நேரே தெரிவு செய்வதில்லை. வட்டாரத்தில் ஒரு கட்சிக்குப் புள்ளடி போடுகிறோம், மேயரின் பெயர் வாக்குச்சீட்டில் இருக்காது. 2018இல் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 119இல் 60 ஆசனம் கிடைத்தது. ரோசி சேனாநாயக்க கொழும்பின் முதல் பெண் மேயரானார், சிக்கலில்லை. 2025 மே தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு 117இல் 48 மட்டும். பெரும்பான்மை இல்லாததால் ஜூனில் உறுப்பினர்களிடையே நடந்த இரகசிய வாக்கெடுப்பில் அந்தக் கட்சியின் விராய் கெலி பல்தசார் 61க்கு 54 என்று வென்றார். அவர் வந்ததில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் நான் புள்ளடி போட்ட கட்சிக்காரர் உள்ளே போய் யாருக்குப் போட்டார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? தேநீர்க் கடையில் இதைத்தான் கேட்டார்கள். அந்தச் சந்தேகம் மேயர் கதிரையில் உட்காரும் முன்பே தொடங்கிவிடுகிறது.

அதே 2025இல் ஐக்கிய தேசியக் கட்சி 13 ஆசனத்துக்கு இறங்கியது. 60 எங்கே, 13 எங்கே! இதை ஒரு மேயரின் தலையில் கட்டுவது அநியாயம். நடுவில் கட்சி பிளந்து ஐக்கிய மக்கள் சக்தி உருவானது, 2022இல் காஸுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்றது. கட்சி மேலே செய்ததற்கான கோபமும் கீழே நகர மண்டபத்தின் மீதுதான் விழுகிறது. எங்கள் பக்கத்தில் பரம்பரையாக அந்தக் கட்சியின் யானைச் சின்னத்துக்கே போட்ட வீடுகள் உண்டு. அவை ஒரே நாளில் மாறவில்லை. முதலில் போஸ்டர் ஒட்டச் சுவர் கொடுப்பதை நிறுத்தினார்கள், அப்புறம் கூட்டத்துக்குப் போவதை.

கான் மூடிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2023 மார்ச்சில் சபையின் காலம் முடிந்தது. காசில்லை என்று தேர்தலைத் தள்ளிவைத்தார்கள், 2025 ஜூன் வரை கொழும்புக்கு மேயரே இல்லை. அந்த இடைவெளியில் ஒருநாள் காலையில் இரண்டு பேர் வந்து புதுப் பலகையைப் போட்டுவிட்டுப் போனார்கள். "பார்த்தீங்களா தம்பி, கடைசியில மேயர் செய்துட்டார்" என்றார் அக்கா.

"எந்த மேயர் அக்கா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். போஸ்டரும் அப்போது சுவரில் இல்லை.