வாசகர் கேள்வி – பதில்: ரக்கூன் இறைச்சியும் நமது கறிச்சட்டியும்

கேள்வி: ஜேர்மனியின் காசெல் நகரில் வசிக்கும் என் மகளுக்கு, மருமகனுடன் வேலை செய்யும் வேட்டைக்காரர் ஒருவர், தோலுரித்த ரக்கூன் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அதை எறியவும் மனமில்லை, சமைக்கவும் துணிவில்லை என்கிறாள். நமது முறையில் கறி வைக்கலாமா, ஐயா?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை.

பதில்: வைக்கலாம், அம்மா. அதற்கு முன்பு, அந்த இறைச்சிக்குத் திரிக்கினெல்லாப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று மகள் வேட்டைக்காரரிடம் கேட்டுக்கொள்ளட்டும். காட்டுப்பன்றி, ரக்கூன் முதலிய இறைச்சியுண்ணும் விலங்குகளின் தசைக்குள் சுருண்டு கிடக்கும் நுண்புழுதான் திரிக்கினெல்லா. ஜேர்மனியில் இத்தகைய விலங்குகளின் இறைச்சியை மனிதர் உண்பதற்கு முன் இப்பரிசோதனை சட்டப்படி கட்டாயமானது. குளிரில் உறைய வைத்தால் புழு செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். வேட்டை விலங்குகளில் காணப்படும் சில இனங்கள் உறைநிலையையும் தாங்கக்கூடியவை என்பதால் அதை நம்ப வேண்டாம். இறைச்சியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியசைத் தொட வேண்டும். எலும்பிலிருந்து தசை கழன்று வரும்வரை கறியைக் கொதிக்க விடும் நம் வழக்கத்தில் அந்த வெப்பம் தானாகவே கடந்துவிடும்.

ரக்கூன் வட அமெரிக்காவுக்கு உரிய விலங்கு. காசெலுக்கு அருகிலுள்ள எடர் ஏரிக் காட்டில் 1934ஆம் ஆண்டு இரண்டு சோடிகளை விட்டார்கள். அவற்றின் வழித்தோன்றல்கள் இன்று அந்நகரத்து வீட்டுக் கூரைகளுக்குள்ளேயே குடியிருக்கின்றன. உண்ணும் வழக்கமும் அமெரிக்காவில் பழையதுதான். ஆர்கன்சா மாநிலத்தின் கில்லெட் என்ற சிற்றூரில் 1947 முதல் ரக்கூன் விருந்து நடந்துவருகிறது; தேர்தலில் நிற்பவர்கள் அங்கே போய் ஒரு துண்டாவது கடிக்காமல் திரும்ப முடியாது என்பது வேடிக்கை. தென்மாநிலங்களில் தோலுரித்த ரக்கூனை விற்பவர்கள் ஒரு பாதத்தை வெட்டாமல் விட்டுவைப்பதுண்டு. தோல் போன பிறகு பூனையையும் அதையும் பிரித்தறிவது கடினம் என்பதால், வாங்குபவரின் மன ஆறுதலுக்காக விடப்படும் சாட்சி அந்தப் பாதம்.

சமையலின் வெற்றி கறித்தூளைவிடத் துப்புரவில்தான் தங்கியிருக்கிறது. முன்னங்கால்களின் அக்குளிலும், முதுகெலும்பின் இருபுறமும் இடுப்பை அண்டியும், பயறளவில் மெழுகு போன்ற சுரப்பிகள் கொழுப்புக்குள் புதைந்திருக்கும். கத்தி நுனியால் அவற்றை உடைக்காமல் முழுதாகக் கிளப்பியெடுக்க வேண்டும். ஒன்று தங்கினாலும் சட்டி முழுவதும் வீச்சமெடுக்கும். அடுத்தது கொழுப்பு. ஆட்டுக் கொழுப்பைப் போல ருசிக்காக விட்டுவைக்கும் பொருளன்று அது. கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் வழித்தெறியச் சொல்லுங்கள். பின்னர் உப்பும் வினாகிரியும் கலந்த நீரில் ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் அரை மணிநேரம் அவித்து, அந்த நீரை ஊற்றிவிட்ட பிறகே கறியைத் தொடங்க வேண்டும். இஞ்சி, உள்ளி, மிளகு, வறுத்த கறித்தூள், றம்பை, கொறுக்காய்ப்புளி ஆகியவற்றுடன் பன்றிக்கறி போல வற்ற வைப்பதே பொருந்தும். தேங்காய்ப்பால் வேண்டாம் என்பது என் கருத்து. கருமையும் கொழுமையும் கொண்ட இறைச்சிக்குப் புளிப்பும் உறைப்புமே துணை. அமெரிக்கர்கள் வற்றாளங்கிழங்கோடு சேர்த்து வாட்டுவார்கள். அதையும் செய்து பார்க்கலாம்.

கேள்வி: ரக்கூனிலுள்ள ஒரு புழு மனித மூளையையே தாக்கும் என்று வாசித்தேன். இறைச்சியைத் தின்றால் அது வருமா?
– வாசகர், நிலாவெளி.

பதில்: நீங்கள் குறிப்பிடுவது ரக்கூனின் குடலில் வாழும் உருண்டைப்புழு. அதன் முட்டைகள் எச்சத்தோடு வெளியேறி, மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரங்கள் கிடந்த பின்னரே தொற்றும் நிலையை அடைகின்றன. அவற்றை விழுங்கியவரின் உடலுக்குள் குடம்பிகள் அலைந்து, அரிதாக மூளையையும் கண்ணையும் அடைகின்றன. மண்ணை வாயில் வைக்கும் குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். நன்றாக வெந்த தசையில் இந்தப் பயமில்லை. பயப்பட வேண்டியவர் உரிப்பவர்: குடல் கிழியாமல் எடுப்பதும், உரோமம் இறைச்சியில் படாமல் பார்ப்பதும், கையுறை அணிவதும் அவருடைய பொறுப்பு. எலிக்காய்ச்சலும் விசர்நோயும் கூட அந்த நேரத்தில்தான் தொற்றக்கூடும். சாதாரணக் கிருமிநாசினிக்கு அம்முட்டைகள் அசைவதில்லை. கத்திக்கும் பலகைக்கும் கொதிநீரே மருந்து.

கேள்வி: ரக்கூன் என்பது நம்மூர் மரநாய்தானே? எங்கள் கோழிக்கூட்டுக்கு ஒன்று தினமும் வருகிறது. பிடித்துச் சமைத்தால் என்ன?
– வாசகர், கிண்ணியா.

பதில்: இரண்டும் இரவில் அலைபவை, மரமேறுபவை, முகத்தில் கறுப்புத் தீட்டியது போன்ற சாயலும் உண்டு. ஒற்றுமை அத்தோடு சரி. ரக்கூன் நாய், கரடி ஆகியவற்றின் கிளையைச் சேர்ந்தது. மரநாய், பெயரில் நாய் இருந்தாலும், பூனையின் கிளையைச் சேர்ந்தது. 2003இல் சீனாவின் குவாங்டொங் சந்தைகளில் விற்கப்பட்ட மரநாய் இனமொன்றில் சார்ஸ் என்ற சுவாச நோயின் வைரசை ஒத்த வைரசு கண்டுபிடிக்கப்பட்டதை மறந்துவிட வேண்டாம். பரிசோதனைக்கூடமும் கட்டாயச் சட்டமும் உள்ள ஊரில் பின்பற்றும் முறையை, பொறியில் அகப்பட்ட ஒன்றின்மேல் இங்கே ஏற்ற முடியாது. விசர்நோய் உள்ள நாட்டில், பொறிக்குள் சீறும் காட்டு விலங்கிடம் கடிவாங்குவது கறியைவிடப் பெரிய செலவு. கோழிகளுக்காகவென்றால் கூட்டின் நாற்புறமும், கூரையின் அடியிலும் சிறுகண் கம்பிவலை அடித்து, அந்தியில் கதவைச் சாத்துங்கள். விழுந்த பழங்களையும் முற்றத்தில் கிடக்க விடாதீர்கள், அது முதலில் தேடி வருவது அவற்றையே.