மூன்றாவது நீட் வேண்டாம், ஜியாலஜியில் சேருங்கள்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அவள் இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடத்துக்கு மார்க் வரவில்லை. "இன்னொரு வருஷம் கோச்சிங் போகட்டும். இல்லாவிட்டால் தோட்டத்தை விற்றாவது சீட் வாங்கிடலாம்" என்று பெரிய மாமா சொல்லிவிட்டாராம். அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னேன். அப்புறம் பெண்ணிடம் கேட்டேன்: "நீ கடைசியாக ஆசைப்பட்டுப் படித்தது என்னம்மா?"

நர்சிங் படிக்கும் அக்காவின் புத்தகத்தில் 'ஃபேசீஸ்' என்று பார்த்தாளாம். போனில் தேடினால் பாதிக்குப் பாதி பாறைப் படமாக வந்ததாம். அன்று இரவு முழுக்கப் பாறைகளைத்தான் படித்திருக்கிறாள். பாறைகளைப் படிக்கும் படிப்புதான் ஜியாலஜி, அதாவது நிலவியல்.

டாக்டருக்கு ஃபேசீஸ் என்பது நோய் முகத்தில் எழுதி வைக்கும் அடையாளம். பார்க்கின்சன் வந்தவரின் முகத்தில் அசைவு குறையும். குஷிங் நோயில் முகம் உருண்டு உப்பும். சாவை நெருங்கியவரின் கூர்த்த மூக்கையும் குழிந்த கண்ணையும் ஹிப்போக்ரட்டீஸ் காலத்திலேயே குறித்து வைத்துவிட்டார்கள். பாறைக்கு இந்தச் சொல்லை இன்றைய பொருளில் கொண்டுவந்தவர் ஸ்விட்சர்லாந்துக்காரர் அமான்ஸ் கிரெஸ்லி, 1838இல். ஜூரா மலையில் ஒரே காலத்துப் படிவைத் தொடர்ந்து நடந்து பார்த்தால் ஓரிடத்தில் பவளச் சுண்ணாம்பாகவும் இன்னோரிடத்தில் சேற்றுப் பாறையாகவும் இருந்தது. கடல் ஒன்றுதான், அடித்தளம்தான் இடத்துக்கு இடம் வேறு. இப்படி உருவான சூழலைக் காட்டிக்கொடுக்கும் பாறையின் தோற்றமும் தன்மையும்தான் அதன் ஃபேசீஸ். பிறகு பின்லாந்து நிலவியலாளர் எஸ்கோலா, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகளுக்கும் இதை நீட்டினார். எந்தெந்தக் கனிமங்கள் சேர்ந்திருக்கின்றன என்று பார்த்தால் அந்தப் பாறை பட்ட சூடும் அழுத்தமும் தெரியும்.

இதைப் படிக்கச் சேலத்தை விட்டு எங்கும் போக வேண்டாம். ஏற்காடு மலைப்பாதையில் வெட்டிய இடங்களில், உடைத்த முகம் எண்ணெய்ப் பளபளப்போடு கருநீலமாகத் தெரியும் பாறை சார்னோகைட். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேல் வெந்த கல். அதை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, பாறைகளுக்கென்றே உள்ள மைக்ராஸ்கோப்பில் வைத்துச் சுழற்றினால், அதிலுள்ள ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் வெளிர் சிவப்பிலிருந்து வெளிர் பச்சைக்கு மாறும். கிருஷ்ணகிரியில் தொடங்கி தர்மபுரி வழியாகச் சேலம் வரும்போது, குறைந்த சூட்டு ஃபேசீஸ் படிப்படியாக இந்த உயர் சூட்டு ஃபேசீஸாக மாறுவதைக் காணலாம். வெளிநாட்டு ஆய்வாளர்கள் தேடி வந்து படிக்கும் பாதை அது. நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கிறோம்.

"அடையாளம் பார்த்துச் சொல்வதுதானே டாக்டர் வேலையும்? அப்போ எம்பிபிஎஸ்ஸே படிக்கட்டும்" என்றார் அப்பா. இல்லை சார். ரத்தம் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று உங்கள் எதிரிலேயே சொன்னாள். நோயாளிகளைப் பற்றி அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கல்லைப் பற்றித்தான் கேட்டாள். மாமா ஒரு வருஷத்துக்குப் பிறகு வேறு யார் வீட்டுக் கல்யாணப் பேச்சுக்கோ போய்விடுவார். நாற்பது வருஷம் வேலை பார்க்கப் போவது இவள்.

பணக் கணக்குக்கு வருவோம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்பிபிஎஸ் ஆண்டுக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டும். தோட்டத்தை விற்றால் அது திரும்பி வராது. விற்காதீர்கள். இதில் நான் வளைந்து கொடுக்க மாட்டேன். சேலம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. ஜியாலஜிக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம்தான் ஆகும். பிடிஎஸ், சித்தா, பி.பார்ம் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் நான் போகவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். வெறும் பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் வேலை மெலிதுதான், எம்.எஸ்சி. கட்டாயம். பெரியார் பல்கலைக்கழகத்தில் ஜியாலஜி துறை இருக்கிறது. ஐஐடிகளின் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாமில் தேறினால் பம்பாய், கரக்பூர், ரூர்க்கி ஐஐடிகளில் படிக்கலாம். அதன்பின் இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் யுபிஎஸ்சி நடத்தும் தேர்வு. இடங்கள் குறைவு, போட்டி உண்டு. நிலத்தடி நீர், சுரங்கம், அணை, சுரங்கப்பாதை என்று தனியாரிலும் ஆள் தேவைப்படும்.

பெண் பிள்ளை சுத்தியலோடு மலையில் திரிவதா என்று சித்தி கேட்டாராம். பேராசிரியர்களோடு வகுப்பே சேர்ந்து போகும் களப்பயணம் அது, தனியாக யாரும் அனுப்ப மாட்டார்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான். இடம் கிடைக்காமல் வந்து சேரும் பாடம் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். இவள் அதை முதல் விருப்பமாகவே போடட்டும்.