அட்டை இருந்தால்தான் ஓட்டா? அமெரிக்க வாக்காளர் அடையாளச் சட்டங்கள்: வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கினாலே வாக்காளர் அடையாள அட்டை பற்றிய கேள்விகள் எனக்கு வரத் தொடங்கிவிடும். அங்கே குடியேறிய நம்மவர்கள் சிலர் தங்கள் சொந்தச் சிக்கலைக் கேட்கிறார்கள், சிலர் கொள்கையைக் கேட்கிறார்கள். இரண்டு வகையிலும் சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இந்தச் சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், அடிக்கடி மாறவும் செய்யும். வாக்களிக்கப் போகும் முன் உங்கள் மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விமானம் ஏற, வங்கிக் கணக்கு தொடங்க, எல்லாவற்றுக்கும் அட்டை கேட்கிறார்கள். ஓட்டுப் போட மட்டும் கேட்கக் கூடாதா?

கேட்கலாம். அமெரிக்கர்களில் ஐந்தில் நான்கு பேர் புகைப்பட அட்டை கேட்பதை ஆதரிக்கிறார்கள் என்று கருத்துக்கணிப்புகள் தொடர்ந்து சொல்கின்றன. கறுப்பின மக்களிலும் பெரும்பான்மையினரின் கருத்து அதுதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அட்டையைக் கேட்கும் அரசு அதை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. இந்தியாவில் வாக்காளர் அட்டையைத் தேர்தல் ஆணையமே வழங்குகிறது. அமெரிக்காவில் எல்லோருக்கும் பொதுவான தேசிய அடையாள அட்டை என்று ஒன்று கிடையாது. அங்கே அடையாளம் என்றால் நடைமுறையில் ஓட்டுநர் உரிமம். கார் இல்லாதவர், ஓட்டுவதை நிறுத்திவிட்ட முதியவர், பேருந்தை நம்பி வாழும் நகரத்து ஏழை ஆகியோரிடம் அது இருக்காது. வாக்குரிமை பற்றி ஆராயும் பிரென்னன் மையம் 2006-இல் நடத்திய கணக்கெடுப்பில், வாக்களிக்கும் வயதுடைய குடிமக்களில் 11 சதவீதம் பேரிடம் காலாவதியாகாத அரசுப் புகைப்பட அட்டை இல்லை. வெள்ளையர்களில் அது 8 சதவீதம், கறுப்பினத்தவரில் 25 சதவீதம்.

விமானப் பயணம் வசதி, வாக்கு உரிமை. வாக்களிக்க விரும்புவோரிடம் வர்ஜீனியா மாநிலம் வசூலித்துவந்த வாக்கு வரி வெறும் ஒன்றரை டாலர். அந்தச் சிறு தொகையைக்கூட வாக்குரிமைக்கு விலையாக வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1966-இல் தீர்ப்பளித்தது.

அட்டையை இலவசமாகவே தருகிறார்களே. வாங்காமல் இருப்பது அவரவர் சோம்பல்தானே?

இந்தக் கேள்வியைக் கோபப்படாமல் படிக்க முயன்றேன், முடியவில்லை. ஆனாலும் கேட்டது நல்லதுதான், பலர் மனதிலும் இதே எண்ணம் இருக்கிறது.

டெக்சாஸை எடுத்துக்கொள்வோம். 2011-இல் இயற்றிய சட்டப்படி, வேறு அட்டை இல்லாதவர்களுக்கு மாநிலம் தேர்தல் அடையாளச் சான்றிதழ் ஒன்றைக் கட்டணமின்றிக் கொடுத்தது. அதை வாங்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்புச் சான்றிதழின் சாதாரணக் கட்டணம் 22 டாலர். (2015-இல்தான் இந்தத் தேவைக்கு அதை இலவசமாக்கினார்கள்.) அட்டை தரும் நிரந்தர அலுவலகமோ, மாநிலத்தின் 254 கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) 78-இல் இல்லை. மெக்சிகோ எல்லையோரச் சில ஊர்களிலிருந்து மிக அருகிலுள்ள அலுவலகத்துக்கு 100 முதல் 125 மைல். போகவர 200 மைலுக்கு மேல். அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டியவர் யார்? ஓட்டுநர் உரிமம் இல்லாதவர். அவருக்கு ஒரு நாள் கூலியும் போகும்.

பிறப்புச் சான்றிதழ் என்பதே பலருக்கு எட்டாத பொருள். இனப் பிரிவினைக் காலத்துத் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகள் பலர் மருத்துவச்சியின் கையில் வீட்டிலேயே பிறந்தார்கள். பலருடைய பிறப்பு பதிவாகவே இல்லை. பதிவான இடத்திலும் பெயரை எழுத்தர் தப்பாக எழுதியிருப்பார். அதைத் திருத்தக் கேட்டுப் போனால் முதலில் அடையாள அட்டையைக் காட்டு என்பார்கள். அட்டைக்குச் சான்றிதழ், சான்றிதழுக்கு அட்டை என்று செக்கு மாடு போலச் சுற்ற வேண்டியதுதான். அமெரிக்க ஆட்சிப்பகுதியான புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்தவர்களுக்கு நேர்ந்தது வேறு மாதிரி. 2010 ஜூலை 1-க்கு முன் வழங்கிய பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் அந்த அரசே செல்லாதவையாக்கிவிட்டது. அமெரிக்க மாநிலங்களில் குடியேறியிருந்தவர்களும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று.

அலபாமாவையும் சொல்லிவிடுகிறேன். அங்கே 2014 முதல் புகைப்பட அட்டை கட்டாயம். அடுத்த ஆண்டே, நிதிப் பற்றாக்குறை என்று காரணம் காட்டி, பகுதி நேரமாக இயங்கிய 31 ஓட்டுநர் உரிம அலுவலகங்களை மூடுவதாக அறிவித்தார்கள். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் கவுண்டிகள் பல அந்தப் பட்டியலில் இருந்தன. எதிர்ப்பு எழுந்ததும் மாதத்துக்கு ஒரு நாள் திறப்பதாகச் சொன்னார்கள். மத்தியப் போக்குவரத்துத் துறை விசாரித்த பிறகு, 2016 டிசம்பரில்தான் வேலை நேரத்தைக் கூட்ட மாநிலம் உடன்பட்டது. சோம்பல் யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். ஓட்டுநர் உரிமம் வாங்கப் போனபோது வாக்காளராகப் பதிவு செய்கிறீர்களா என்று கேட்டார்கள். செய்யலாமா?

கூடாது. குடியுரிமை பெறாதவர் மத்தியத் தேர்தலில் வாக்களிப்பது குற்றம். பின்னாளில் நீங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதையே அது கெடுத்துவிடும். தெரியாமல் பதிவு செய்திருந்தால் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு மறுவேலை பாருங்கள்.

கள்ள ஓட்டைத் தடுக்க வேறு என்ன வழி இருக்கிறது?

முதலில், எந்தக் கள்ள ஓட்டு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வாக்குச்சாவடியில் காட்டும் புகைப்பட அட்டை ஒரே ஒரு வகையைத்தான் தடுக்கும்: ஒருவர் இன்னொருவர் பெயரைச் சொல்லி நேரில் வந்து வாக்களிக்கும் ஆள்மாறாட்டம். சட்டப் பேராசிரியர் ஜஸ்டின் லெவிட் 2000 முதல் 2014 வரையிலான தேர்தல்களைத் தேடிப் பார்த்தார். நூறு கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளில், நம்பத்தகுந்த ஆள்மாறாட்டப் புகார்கள் 31.

இண்டியானா மாநிலத்தின் புகைப்பட அட்டைச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2008 ஏப்ரலில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஏற்றது. அந்த மாநிலத்தின் வரலாற்றில் இப்படி ஓர் ஆள்மாறாட்டம் நடந்ததற்கு வழக்கில் எந்த ஆதாரமும் இல்லை என்பதை, சட்டத்தை ஏற்றுக்கொண்ட தீர்ப்பே குறிப்பிடுகிறது. தீர்ப்பு வந்து எட்டே நாளில் அங்கே கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்தேர்தல். சவுத் பெண்ட் நகரின் செயின்ட் மேரீஸ் கன்னியர் மடத்தில் எண்பது, தொண்ணூறு வயதைக் கடந்த அருட்சகோதரிகள் சுமார் பன்னிரண்டு பேர் வாக்களிக்க வந்தார்கள். யாரிடமும் ஓட்டுநர் உரிமம் இல்லை, சிலரிடம் காலாவதியான பாஸ்போர்ட் மட்டும் இருந்தது. அவர்களைத் திருப்பி அனுப்பியவரும் அதே மடத்து அருட்சகோதரிதான், அன்று அவர் தேர்தல் பணியாளர். எதிரில் நிற்பவர் யாரென்று ஒவ்வொருவராக அவருக்குத் தெரியும். சட்டத்துக்குத் தெரியவில்லை.

அட்டை இல்லாதவர் தற்காலிக வாக்கு போடலாம். ஆனால் பத்து நாளுக்குள் அட்டையோடு போய்க் காட்டினால்தான் அது எண்ணிக்கையில் சேரும். தொண்ணூறு வயதில் அது யாரால் முடியும்?

வேறு வழி கேட்டீர்கள். மிச்சிகனில் அட்டை இல்லாதவர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு வாக்களிக்கலாம், பொய் சொன்னால் தண்டனை உண்டு. ரோட் தீவில் தற்காலிக வாக்கின் கையெழுத்து பதிவேட்டோடு ஒத்துப்போனால் அந்த வாக்கை எண்ணுகிறார்கள், மறுபடி எங்கும் அலைய வேண்டியதில்லை. கள்ள ஓட்டுக்கு எதிரான காவலும் இருக்கிறது, நல்ல ஓட்டும் தப்பிக்கிறது.

இதில் இனப் பாகுபாடு என்பதெல்லாம் அரசியல் மிகைப்படுத்தல் இல்லையா?

எல்லா மாநிலத்திலும் உள்நோக்கம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். அலபாமா சட்டத்தை 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் டெக்சாஸ் சட்டத்தைப் பாருங்கள். கைத்துப்பாக்கி உரிமம் செல்லும், மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர் அட்டை செல்லாது. பதிவுபெற்ற வாக்காளர்களில் சுமார் 6 லட்சம் பேரிடம் தேவையான அட்டை இல்லை என்று விசாரணை நீதிமன்றம் கண்டது. அட்டை இல்லாமல் இருக்கும் வாய்ப்பு, வெள்ளையரைவிட லத்தீனோக்களுக்கு (லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்களுக்கு) 195 சதவீதமும் கறுப்பினத்தவருக்கு 305 சதவீதமும் அதிகம்.

வட கரோலினாவில் நடந்தது இன்னும் வெளிப்படை. பாகுபாட்டு வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்ற மத்திய அரசின் முன் அனுமதி பெறவேண்டும் என்ற ஏற்பாட்டை 2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. அந்தக் கோடையிலேயே வட கரோலினா புதிய சட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன் சட்டமன்றத்தினர், எந்த இனத்தவர் எந்த முறையில் வாக்களிக்கிறார்கள் என்ற தரவைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். கறுப்பின மக்களை “கிட்டத்தட்ட அறுவை சிகிச்சைத் துல்லியத்துடன்” குறிவைத்த சட்டம் என்று சொல்லி 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பின்னர் அங்கே வேறொரு அடையாளச் சட்டம் வந்தது. 2023 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

வடக்கு டகோட்டாவில் பூர்வகுடி மக்களின் பழங்குடி அட்டையை ஏற்க மறுத்தார்களாமே?

அட்டையை ஏற்றார்கள், அதிலிருந்த முகவரியை ஏற்கவில்லை. தெருவும் கதவு எண்ணும் உள்ள வீட்டு முகவரி வேண்டும் என்றது சட்டம். பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களில் பல வீடுகளுக்குக் கதவு எண்ணே இல்லை. கடிதம் எல்லாம் அஞ்சல் பெட்டிக்குத்தான் வரும். அந்தப் பெட்டி எண்ணைத்தான் அட்டையிலும் போட்டிருந்தார்கள். அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழ்பவரிடம், நீ எங்கே குடியிருக்கிறாய் என்பதற்குச் சான்று கேட்டது சட்டம்.

2018 அக்டோபர் 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தில் தலையிட மறுத்தது. தேர்தலுக்கு நான்கே வாரம். பழங்குடி அரசுகள் வீடுகளுக்கு முகவரி கொடுத்துப் புதிய அட்டைகளை இலவசமாக அச்சடித்தன. அப்படிப்பட்ட பழங்குடிப் பகுதியான டர்டில் மவுண்டனில் வந்த கூட்டத்துக்கு அச்சிட்டு அச்சிட்டு இயந்திரம் சூடேறி, அட்டைகள் உருகத் தொடங்கிவிட்டன. அந்த உருகிய அட்டையை என்னால் மறக்க முடிவதில்லை. ஸ்பிரிட் லேக், ஸ்டாண்டிங் ராக் பழங்குடி மக்கள் தொடுத்த வழக்கில் 2020-இல் உடன்பாடு வந்தது. முகவரி இல்லாதவர்கள் வரைபடத்தில் தங்கள் வீட்டைக் குறித்துக் காட்டினால் போதும் என்றானது.

இந்தச் சட்டங்களால் வாக்குப்பதிவு குறையவில்லை என்று ஓர் ஆய்வு படித்தேன். அப்படியானால் ஏன் இத்தனை கூச்சல்?

நீங்கள் சொல்வது பொருளாதார ஆய்வாளர்கள் கான்டோனி, பான்ஸ் இருவரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வாக இருக்க வேண்டும். பத்தாண்டுத் தரவை வைத்து, கடுமையான அடையாளச் சட்டங்களால் எந்த இனத்தவரின் வாக்குப்பதிவிலும் குறிப்பிடத்தக்க சரிவு இல்லை என்றார்கள். நல்ல ஆய்வு, ஒதுக்கித்தள்ள மாட்டேன். கான்சஸ், டென்னசி மாநிலங்களில் 2012-இல் இரண்டு மூன்று சதவீதப் புள்ளிகள் சரிந்தது என்று அதற்கு முன் மத்திய அரசின் தணிக்கை அலுவலகம் கண்டிருந்தது. ஆக, விடை முழுவதும் ஒரு பக்கமாக இல்லை.

டர்டில் மவுண்டன் மக்களை நினைத்துப் பாருங்கள். அலைந்து திரிந்து வாக்களித்தவர்கள் வாக்குப்பதிவுக் கணக்கில் வாக்களித்தவர்கள்தான். அலைச்சல் எந்தக் கணக்கிலும் ஏறாது. சராசரி குறையவில்லை என்பது திருப்பி அனுப்பப்பட்ட ஒருவருக்கு ஆறுதலும் ஆகாது.

எனக்கு ஒற்றைப் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் மட்டும் அது இருந்ததால், அமெரிக்க ஆவணங்களில் முதல் பெயராக “எஃப்.என்.யு.” என்று போட்டுவிட்டார்கள். இப்போது குடியுரிமை கிடைக்கப் போகிறது. ஓட்டுப் போடச் சிக்கல் வருமா?

தமிழர் பலருக்கு உள்ள தொல்லை இது. முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமே ஒருவருக்குப் பெயராகிவிடுகிறது. குடியுரிமை விண்ணப்பத்திலேயே பெயர் மாற்றம் கோரலாம், இந்த வாய்ப்பை விடாதீர்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் முதலில் சமூகப் பாதுகாப்பு அலுவலகம், அடுத்து ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பிறகு வாக்காளர் பதிவு. நான்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்கட்டும்.

குடியுரிமை ஆவணத்தைப் பதிவின்போதே காட்டச் சொல்லும் மசோதா ஒன்றை அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. கான்சஸ் இதை முன்பே செய்து பார்த்த மாநிலம். 31,000-க்கும் அதிகமானோரின் பதிவு அங்கே தடைப்பட்டது. பத்தொன்பது ஆண்டுகளில் பட்டியலில் நுழைந்த குடியுரிமை இல்லாதவர்களோ அதிகபட்சம் 39 பேர் என்று நீதிமன்றம் கண்டு, அந்த விதியை ரத்து செய்தது. ஆவணங்களில் பெயர் ஒன்றாக இருப்பது இனி இன்னும் முக்கியமாகலாம்.

டெக்சாஸில் இருக்கிறோம். அம்மாவுக்கு 74 வயது, அமெரிக்கக் குடிமகள், கார் ஓட்டத் தெரியாது, பாஸ்போர்ட் காலாவதியாகி ஆறு ஆண்டாகிறது, ஆங்கிலமும் வராது. இந்த முறை விட்டுவிடலாமா?

விட வேண்டாம். 70 வயது நிறைந்தவர்களின் அமெரிக்கப் பாஸ்போர்ட் எத்தனை ஆண்டுக்கு முன் காலாவதியாகியிருந்தாலும் டெக்சாஸில் செல்லும். படம் ஒட்டிய குடியுரிமைச் சான்றிதழும் செல்லும். உள்ளே நீங்களே கூடப் போய் மொழிபெயர்த்து உதவலாம். உதவியாளரை வாக்காளரே தேர்ந்தெடுக்கும் உரிமையை மத்திய வாக்குரிமைச் சட்டம் தருகிறது. வேலை கொடுப்பவரும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் உதவியாளராகக் கூடாது.

65 வயதைக் கடந்ததால் அவர் அஞ்சல் வழியாகவும் வாக்களிக்கலாம், ஆனால் ஓர் எச்சரிக்கை. 2021 சட்டப்படி உறையில் உரிம எண்ணையோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ எழுத வேண்டும். பதிவேட்டில் இருக்கும் எண்ணோடு அது பொருந்தவும் வேண்டும். எழுதும் இடம் உறையின் மடிப்புக்கு அடியில் இருக்கும், கவனிக்காமல் ஒட்டிவிடுவார்கள். 2022 மார்ச் உட்தேர்தலில் வந்த அஞ்சல் வாக்குகளில் சுமார் 12 சதவீதம் தள்ளுபடியாயின. அம்மாவுக்கு இரண்டு எண்ணும் இருந்தால் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். ஒட்டும் முன் மடிப்பைத் தூக்கிப் பாருங்கள்.